ஒரு பக்கம் மட்டும் கேக்குது

சாவகச்சேரியில் ஒரு ஹெட்போன் எப்படிச் சாகிறது என்று நாங்கள் பல தடவை பாத்திட்டம். முதலில் வலப்பக்கம் கரகரக்கும். வயரைப் பிடிச்சு ஒரு மாதிரி வளைச்சு வைச்சால் கேக்கும். இரண்டு கிழமை அப்படியே வளைச்சுக்கொண்டு திரிவம். பிறகு அதுவும் இல்லை. கடைக்குக் கொண்டுபோனால் கடைக்காரர் கையில் வாங்கிக்கூடப் பாக்கமாட்டார். “உது திருத்திறேல்லைத் தம்பி, புதுசு எடுங்கோ.” பழசு மேசை லாச்சிக்குள் போகும், பிறகு ஒருநாள் வளவுக் குப்பையோடை சேத்து எரிப்பினம். பிளாஸ்ரிக் மணக்கும். அவ்வளவுதான்.

இதைத்தான் நாங்கள் எதிர்க்கிறம். ‘திருத்திறேல்லை’ என்ற சொல்லை. திருத்த ஏலாது என்பது வேறு, திருத்திறேல்லை என்பது வேறு. முதலாவது பொருளைப் பற்றிய உண்மை. இரண்டாவது எங்களைப் பற்றியது.

கழட்டிப் பாத்த ஆக்களுக்குத் தெரியும், உள்ளுக்குள் பெரிய மந்திரம் ஒண்டுமில்லை. ஒரு ரூபாய்க் குற்றியை விடப் பெரிய வட்டம், பெரும்பாலும் 40 மில்லிமீற்றர். பின்பக்கம் ஒரு காந்தம். முன்னுக்கு மெல்லிய பிளாஸ்ரிக் சவ்வு. சவ்வில் ஒட்டின, மயிரை விட மெல்லிய செப்புக்கம்பிச் சுருள். மின்சாரம் வர சுருள் ஆடும், சவ்வு ஆடும், காது கேக்கும். இந்த வட்டத்தைத்தான் டிரைவர் என்கிறார்கள், எங்கட ஆக்கள் ஸ்பீக்கர் என்பார்கள். இது தனியாக விலைக்கு இருக்கு. சாதாரண சோடி ஒண்டு ஒரு கொத்துரொட்டிக் காசுக்கு வரும். ஓடர் போட்டு வந்துசேரக் கிழமைக்கணக்கில் காத்திருக்கவேணும், அது உண்மை.

“உதுக்கு மினக்கெடுற நேரத்துக்கு புதுசு வாங்கலாமே?” இதைக் கேக்கிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகைக்கு வெளிநாட்டிலிருந்து மாமா அனுப்புவார். அவர்களோடு எங்களுக்குக் கதை இல்லை. மற்ற வகை, கையில் காசில்லாமலே இதைச் சொல்லுகிற எங்கட சிநேகிதர்கள். அவர்களுக்குத்தான் இது. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரைக்கும் ஏறினதை மறந்திட்டீங்களா? வெளியிலிருந்து வாற ஒவ்வொரு சாமானும் எட்டாத உயரத்துக்குப் போன வருசம் அது. அந்தநேரம் சூம் வகுப்புக்கு ஹெட்செட் இல்லாமல், ஒரே போனைச் சத்தமாய் வைச்சு அக்காவும் தம்பியும் இரண்டு பாடம் படிச்ச வீடுகள் எங்களுக்குத் தெரியும். அதே வீடுகளின் லாச்சிக்குள் ஒரு பக்கம் செத்த ஹெட்செட் கிடந்தது. செத்தது என்ன? எங்களிட்டை வந்ததுகளில் கனக்கவற்றில் ஸ்பீக்கர் சாகவே இல்லை. ஜக்குக்குக் கிட்ட வயர் அறுந்திருந்தது. ஒரு துளி ஈயம்.

அதனாலை முதலில் டிரைவர் வாங்க ஓடாதீங்கோ. மல்ரிமீற்றரை ஓம்ஸில் வைச்சு ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் தொடுங்கோ. 32 ஓம் என்று போட்டிருந்தால் அதுக்குக் கிட்டவான ஒரு எண் காட்டவேணும். காட்டினால் சுருள் உயிரோடை இருக்கு, பிழை வயரில். ஒண்டுமே காட்டாட்டி சுருள் போச்சு. மீற்றர் இல்லாட்டி 1.5 வோல்ற் பென்ரோச் பற்றறி ஒண்டு போதும். சும்மா ஒருக்காத் தொட்டு எடுத்தால் ‘டிக்’ என்று கேக்கும். தொட்டபடி பிடிச்சுக்கொண்டிருக்க வேண்டாம்.

மாத்திறதிலை நாங்கள் விட்ட பிழைகளையும் சொல்லுறம். முதல் சோடியை நாங்களே கொன்றோம். காந்தம் இருக்கென்று யோசிக்காமல் இரும்புத் திருகாணிச் சாவியைக் கிட்டக் கொண்டுபோக, அது இழுபட்டுப்போய்ச் சவ்வைக் குத்திப் போட்டுது. இரண்டாவதில் அயனைக் கனநேரம் வைச்சு முனையின் பிளாஸ்ரிக் உருகி, சுருள் கம்பி கழண்டது. இரண்டு செக்கனுக்கு மேல் வைக்கக்கூடாது. மூன்றாவது வேலை செய்தது, ஆனால் பாட்டு ஏதோ கோதாய்க் கேட்டது. இளையராஜா பாட்டில் பேஸ் கிற்றாரைக் காணேல்லை, பாடுறவர் தலைக்குப் பின்னாலை எங்கேயோ நிக்கிறார். ஒரு பக்கத்தின் நேர், மறை வயர்களை மாறிப் பொருத்தியிருந்தோம். ஒரு சவ்வு முன்னுக்குத் தள்ள மற்றது பின்னுக்கு இழுத்தால் பேஸ் மெலிஞ்சுதான் கேக்கும். வயரை மாத்தினதும் கிற்றார் திரும்ப வந்தது. அண்டைக்கு நாங்கள் கத்தின கத்தில் பக்கத்து வீட்டு ஆச்சி வேலியாலை எட்டிப் பாத்தவ.

இன்னொரு கூட்டத்தோடும் எங்களுக்குப் பிணக்கு. யூரியூப் பாத்து, ‘பெறிலியம் டிரைவர்’, ‘கிராபீன் டிரைவர்’ என்று பேர் சொல்லி வாங்கி, மலிவுக் கோதுக்குள் போட்டால் லட்ச ரூபாய் ஹெட்போன் ஆகும் என்று நம்புற பெடியள். ஆகாது ராசா. சத்தத்தில் பெரும்பங்கு கோதுக்கும் பஞ்சுக்கும் உரியது. பின்பக்க ஓட்டை எவ்வளவு, அதை மூடியிருக்கிற கடதாசி எவ்வளவு தடிப்பு, காதுப் பஞ்சு காற்றுப் போகாமல் அடைக்குதா, இதெல்லாம் சேர்ந்துதான் பேஸைத் தீர்மானிக்கும். நல்ல டிரைவரைப் பொருந்தாத கோதுக்குள் போட்டால் குடத்துக்குள் கதைக்கிற மாதிரித்தான் இருக்கும். ஓட்டையிலை ஒரு துண்டு சேலோரேப் ஒட்டியும், கோதுக்குள் கொஞ்சம் பஞ்சு வைச்சும், காதைக் கேட்டுக் கேட்டுத்தான் சரிப்படுத்த வேணும். அதுக்குப் பொறுமை வேணும், பெறிலியம் தேவையில்லை.

சரி, ஏன் இவ்வளவு கோபம்? இது நடக்கிற இடம் சாவகச்சேரி எண்டதாலைதான். 1990இலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட சாமான். சைக்கிளைக் கவிட்டு நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுத்த, டைனமோவிலை இருந்து வயர் இழுத்து றேடியோவுக்குக் குடுத்து பிபிசி தமிழோசையும் வெரித்தாசும் கேட்ட சனம் இது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமச் சனம் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்தபோதும் அந்தச் சைக்கிள்கள் வந்தன. 2000இல் சண்டையில் இந்த நகரமே இடிஞ்சது. அதுக்குப் பிறகும் திருத்தித்தான் வாழ்ந்தவை. இதை நாங்கள் பெருமையாய்ச் சொல்லேல்லை. டைனமோ சுத்தினது கெட்டித்தனத்தைக் காட்ட அல்ல, செய்தி கேட்காட்டி எந்தப் பக்கம் ஓடுறதெண்டு தெரியாததாலை. அந்தக் காலம் திரும்ப வரவேண்டாம். ஆனால் அந்தக் கைகளுக்குத் தெரிஞ்சது ஏன் எங்களிட்டை வரேல்லை? எங்களில் ஒருவரின் அப்பா அண்டைக்கு வயர் முறுக்கினவர், இண்டைக்கு மகன் அயன் பிடிச்சால் “படிக்கிற வேலையைப் பார்” என்கிறார்.

கொம்பனிகளைச் சும்மா விடுறதாய் இல்லை. கோதைத் திருகாணி போடாமல் பசையால் ஒட்டுறது தெரிஞ்சு செய்கிற வேலை. காதுக்குள் செருகிற வயர் இல்லாத குண்டுமணிகளில் பற்றறி செத்தால் மொத்தமும் சரி. வேறு மாதிரிச் செய்ய ஏலாது என்று சொல்லவும் வழியில்லை: சென்ஹைசரின் எச்டி 600, 1997இல் வந்தது, இன்னும் விக்கிறார்கள், அதிலை டிரைவர், பஞ்சு, வயர் எல்லாம் கையாலேயே கழட்டி மாத்தலாம். கொஸ் போர்டாப்ரோ 1984இலிருந்து கிட்டத்தட்ட அதே உருவத்தில் வருகுது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்தும் உரிமைக்குச் சட்டம் கொண்டுவந்தது. வோசிங் மெசின், பிரிட்ஜ், போன் எல்லாம் பட்டியலில் இருக்கு, ஹெட்போன் இல்லை. பற்றறியைப் பாவிக்கிறவரே கழட்டக்கூடியதாய் வைக்கவேணும் என்ற அவர்களின் இன்னொரு விதி 2027 பெப்ரவரியில் நடைமுறைக்கு வரும். அது எங்கட கடைகளுக்கு வந்துசேர எத்தினை வருசமோ. அதுவரைக்கும் எங்களிட்டை இருக்கிறது ஒரு அயன், ஒரு மீற்றர், பொருந்துற நாலைஞ்சு பழைய கோது.

இப்ப மேசையில் ஒரு நீல ஹெட்செட் கிடக்கு. ஏஎல் எழுதப்போற தங்கச்சி ஒருவரின்ரை. இடப்பக்கச் சுருள் போயிட்டுது. செத்த இன்னொண்டிலிருந்து உயிரோடை இருந்த ஒரு ஸ்பீக்கரை எடுத்துப் போட்டிருக்கிறம். ஆனால் இரண்டும் ஒரே அளவு சத்தமில்லை, இடப்பக்கம் கொஞ்சம் கூட. பின் ஓட்டைக்கு இன்னொரு கடதாசி ஒட்டிப் பாக்கிறம். அதுவும் சரிவராட்டி வலப்பக்கத்தையும் கழட்டி, சோடியாய்த்தான் மாத்தவேணும்.