மூலம் இருந்தால் போதுமா?

தமிழுக்காகத் திறமூல மென்பொருள் செய்ய முனைவோர் சிலர் கூடினால், நிரல் எழுதப்படுமுன்பே ஒரு வாதம் எழுந்துவிடுகிறது. நிரலை எங்கே வைப்பது? கிட்ஹப்பிலா, கிட்லேபிலா, கோட்பெர்க்கிலா, சொந்த வழங்கியிலா? வசதியும் செலவுமே இவ்வாதத்தில் பெரிதும் பேசப்படுகின்றன. அவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு என்பது நம் எண்ணம்.

நிரல் தொலைந்துவிடும் என்ற அச்சம் பெரும்பாலும் வீண். கிட் முறையில் படியெடுக்கும் ஒவ்வொருவரிடமும் அதுவரையிலான திருத்த வரலாறு முழுவதும் சேர்ந்துவிடுகிறது. சோலூரில் ஆடிக்காற்றுக்கு மரம் சாய்ந்து இணையம் அறுந்துபோகும் நாளிலும், நம் கணினியில் உள்ள படியைத் திருத்திச் சேமித்து, இணைப்பு வந்தபின் அனுப்பலாம். பல மடங்களிலும் வீடுகளிலும் படிகள் இருந்தமையால் பிழைத்த ஏடுகளின் கதைதான் இது.

ஆனால் அந்நாளில் திறக்க முடியாத ஒன்று உண்டு. நிரலைப் பற்றி நிகழ்ந்த உரையாடல். பிழை அறிக்கைகளும் மறுமொழிகளும் திருத்தங்கள் மீதான விவாதங்களும் கிட் படியில் வருவதில்லை. அவை தளத்தின் தரவுத்தளத்தில் கிடக்கின்றன. சொற்பிழை திருத்தி ஒன்றைக் கருதுவோம். 'டீக்கடை' என்று ஒற்றிட்டு எழுதும் நாம் 'கம்பெனி கணக்கு' என்பதில் ஒற்றிடுவதா, வேண்டாவா? பிறமொழிச் சொல்லுக்குப் புணர்ச்சி விதி எதுவரை செல்லும்? இதைப் பத்துப் பேர் பல நாள் வாதித்து முடிவு செய்திருப்பர். நிரலில் எஞ்சுவதோ ஒற்றை வரி. காரணம் தெரியாத அடுத்த தலைமுறை அவ்வரியைப் பிழையென்று நீக்கிவிடும்.

உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது மூலத்தை மட்டும் வெளியிடவில்லை. நச்சினார்க்கினியர் உரையையும் சேர்த்தே தந்தார். உரையின்றி மூலம் எத்துணை பேருக்குத் திறந்திருக்கும் என்பது இலக்கிய வாசகர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

தளங்கள் நிலையானவை என்று நம்புவதற்கும் இடமில்லை. 2006இல் தொடங்கிய கூகுள் கோட் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. (வெளியேறுவோர்க்கு அவகாசமும் கருவியும் தரப்பட்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) 2015இல் கிட்டோரியஸ் மறைந்தது. பிட்பக்கெட் 2020இல் மெர்க்குரியல் களஞ்சியங்களை அறவே கைவிட்டது. கிட்ஹப்பை மைக்ரோசாஃப்ட் வாங்கியது 2018இல். நிறுவனங்கள் மட்டுமா? 2014 டிசம்பரில் இந்திய அரசு 32 இணையத்தளங்களை முடக்கியபோது அப்பட்டியலில் கிட்ஹப்பும் சோர்ஸ்ஃபோர்ஜும் இருந்தன.

ஆகவே கிட்ஹப்பை விலக்குவோம் என்கிறோமா? இல்லை. ஓபன்-தமிழ் நிரல்தொகுப்பு அங்கேதான் இருக்கிறது; கல்லூரி மாணவர் ஒருவர் முதலில் கணக்குத் தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். ஆள் வராத இடத்தில் கொள்கையைக் காத்து என்ன பயன்? மலைக்கு அப்பால், கேரளத்தின் சுவதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர் ஸாவன்னாவில் இருந்தவர்கள். இன்று அவர்களுடைய எழுத்துருக்கள் கிட்லேபில் உள்ளன. இடம் மாறியும் பணி நிற்கவில்லை.

சொந்த வழங்கி வைத்துக்கொள்வது கேட்க இனிக்கும். மாதந்தோறும் வாடகை கட்டி, பாதுகாப்புத் திருத்தங்களை இட்டு, காப்புப்படி எடுத்து வர ஓர் ஆள் வேண்டும். அவருக்கு வேலை மாறினால் வழங்கியும் போயிற்று. சிறு குழுவுக்கு இதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். பெர்லினில் பதிவு பெற்ற, இலாப நோக்கற்ற சங்கம் நடத்தும் கோட்பெர்க் நம் விருப்பத்துக்கு அணுக்கமானது. அங்கே முதன்மைக் களஞ்சியத்தையும் கிட்ஹப்பில் அதன் படியையும் வைக்கலாம்.

எந்தத் தளமாயினும் சேருமுன் ஒன்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும்: விவாதங்களை முழுதாக இறக்கி வேறிடத்தில் ஏற்ற வழியுண்டா? கிட்லேபின் ஏற்றுமதிக் கோப்பில் அவையும் அடங்கும். வழியிருந்தாலும் அதையே நம்பியிராமல், ஒவ்வொரு மொழி முடிவும் எட்டப்பட்ட அன்றே, அதன் காரணத்தையும் மறுத்தவர் சொன்னதையும் தமிழில் நாலு வரியாக்கி, 'முடிவுகள்' என்றொரு கோப்பில் நிரலோடு சேர்த்துவிட வேண்டும். இதற்குத் தேவை இலக்கணம் அறிந்தவர், நிரலாளர் அல்லர். இதைப் படிப்போரில் அத்தகையோர் பலர் உண்டு.