ஐந்து ரூபாய் பாக்கெட்டும் தொழிலாளியின் பிள்ளையும்

சிறு பிள்ளைகளுக்கு மிட்டாய், பிஸ்கட், பாக்கெட் தீனி கொடுப்பதைப் பெற்றோர் கட்டுப்படுத்த வேண்டுமா? "இதுவும் ஒரு பிரச்சினையா? கூலி உயர்வைப் பற்றி எழுதுங்கள்" என்று சில தோழர்கள் கூறலாம். கூலியைப் பற்றித்தான் எழுதுகிறோம். வாங்கிய கூலி பிள்ளையின் உடம்பில் ரத்தமாகிறதா, அல்லது தீனிக் கம்பெனியின் கணக்கில் லாபமாகிறதா என்பதும் வர்க்கப் பிரச்சினையே.

நமது பகுதியின் நிலைமையைப் பாருங்கள். பாகாயத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் விடிந்ததும் தாய் வேலைக்குப் புறப்படுகிறாள். ஒருத்தி ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிறாள். மற்றொருத்தி களை எடுக்கவோ கடலை பிடுங்கவோ போகிறாள். தகப்பன் தோல் ஷாப்பில் நிற்கிறான். பிள்ளை பாட்டியிடம் இருக்கிறது. அழுதால் ஐந்து ரூபாய். பெட்டிக் கடையில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளில் ஒன்று. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றால் மாதத்துக்கு 300 ரூபாய். அதே பணத்தில் முட்டையும் வேர்க்கடலையும் வாழைப்பழமும் வீட்டுக்கு வந்திருக்கும்.

இதைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். "படிக்காத தாய்க்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை" என்று சிலர் கூறுகிறார்கள். பத்து மணி நேரம் வீட்டை விட்டு இருப்பவளைப் பார்த்து, வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் சொல்லும் பேச்சு இது. இதை நாம் ஏற்க முடியாது. "ஏழைப் பிள்ளைக்கு இருப்பது அந்த ஒரு மிட்டாய், அந்த இன்பத்தையும் பறிப்பதா?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள். இதில் பாசம் இருக்கிறது. ஆனால் இதையும் நாம் ஏற்க முடியாது. பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் கிறிஸ்துமசுக்கும் வீட்டில் செய்யும் இனிப்பை யாரும் பறிக்கவில்லை. சோற்றின் இடத்தை அன்றாடம் பிடித்துக்கொள்ளும் பாக்கெட்டைத்தான் சொல்கிறோம்.

அது என்ன செய்கிறது? வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் பல்லை அரிக்கிறது. எவ்வளவு தின்கிறது என்பதோடு, எத்தனை தடவை தின்கிறது என்பதும் முக்கியம். நாள் முழுவதும் கொறிக்கும் பிள்ளையின் பல்லுக்கு ஓய்வே கிடையாது. பால் பல் எப்படியும் விழுந்துவிடும் என்பது சமாதானமாகாது. பல் வலிக்கும் பிள்ளை சோறு தின்னாது, தூங்காது. மேலும், தீனியால் வயிறு நிரம்பினால் கீரைக்கும் பருப்புக்கும் இடமில்லை. தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது. டீயில் பிஸ்கட்டை நனைத்து ஊட்டும் வழக்கம் இதைக் கூட்டுகிறது. ஆவாரம் பட்டையின் துவர்ப்பு தோலைப் பிடித்துக்கொள்வதை நமது தொழிலாளர்கள் அறிவார்கள். டீயிலும் துவர்ப்பு உண்டு. அது உணவிலுள்ள இரும்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு, உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது.

சாயத்தைப் பற்றியும் நமக்குப் பிறர் சொல்ல வேண்டியதில்லை. 2024 பிப்ரவரியில் புதுச்சேரியிலும், பின் தமிழ்நாட்டிலும் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது. பரிசோதனையில் அகப்பட்டது ரோடமின்-பி. துணிக்கும் தோலுக்கும் காகிதத்துக்கும் ஏற்றும் சாயம் அது. பிள்ளையின் வாய்க்கு உரியதல்ல.

ஆனால் கோல் பிடித்துத் தெருத் தெருவாக நடக்கும் பஞ்சு மிட்டாய்க்காரனோடு விஷயம் முடிந்துவிடவில்லை. பெரிய கம்பெனிகள் என்ன செய்கின்றன? ஸ்விட்சர்லாந்திலுள்ள 'பப்ளிக் ஐ' என்ற அமைப்பு 2024 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டது. நெஸ்லே கம்பெனி இந்தியாவில் விற்ற செரிலாக் குழந்தை மாவில், ஒரு வேளைக்குச் சராசரி ஏறக்குறைய 3 கிராம் சர்க்கரை சேர்க்கப்பட்டிருந்தது. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் விற்ற அதே வகைக் கோதுமை மாவில் சேர்த்த சர்க்கரை இல்லை. சட்டப்படிதான் விற்கிறோம், ஐந்து ஆண்டுகளில் சர்க்கரையை 30 சதவீதம் வரை குறைத்திருக்கிறோம் என்று கம்பெனி பதில் கூறியது. நாம் கேட்பது ஒன்றுதான்: வெள்ளைக்காரப் பிள்ளைக்குத் தேவைப்படாத சர்க்கரை நமது பிள்ளைக்கு மட்டும் எதற்கு?

ஆகவே, பெற்றோர் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். இரண்டு வயது நிறையாத பிள்ளைக்கு இனிப்புப் பானமும், சர்க்கரையும் உப்பும் மிகுந்த தீனியும் கூடாதென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023இல் கூறியது. அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கும் பாக்கெட்டை அன்றாட வழக்கமாக்காதீர்கள். கேழ்வரகு அடை, அவித்த பயறு, முட்டை, வாழைப்பழம் கொடுங்கள். சிறிசுகளுக்கு வேர்க்கடலையை அரைத்தே கொடுக்க வேண்டும். வெல்லமும் சர்க்கரைதான்; அளவு அதற்கும் உண்டு. முக்கியமாக, மாலையில் வீடு திரும்பும் தகப்பன் பாசத்தைப் பாக்கெட்டில் வாங்கி வரக் கூடாது. தாய் ஒருத்தி தலையில் மட்டும் இந்தப் பொறுப்பைக் கட்டுவது நியாயமல்ல.

ஆனால் வீட்டுக் கட்டுப்பாடு மட்டும் போதாது. பகலில் பிள்ளைக்குச் சூடான உணவு கொடுக்க ஆள் வேண்டும், இடம் வேண்டும். பாக்டரியில் குழந்தைகள் காப்பகம் என்பது 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்த உரிமை. 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நாம் எதிர்க்கிறோம். ஆயினும் அவற்றிலும் இந்த உரிமையை அழிக்க அவர்களால் முடியவில்லை: 50 பேர் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை சென்று பிள்ளையைப் பார்க்க அனுமதி உண்டு. எத்தனை கம்பெனிகளில் அது பெயரளவில் பூட்டிய அறையாக நிற்கிறது என்று ஒவ்வொரு சங்கமும் கணக்கெடுக்கட்டும்.

வயலுக்குப் போகும் தாய்க்கு அங்கன்வாடியே காப்பகம். வேலை முடியும் நேரம் வரை அது திறந்திருக்க வேண்டும். காலியிடங்களை நிரப்பி, ஊழியருக்கு நியாயமான சம்பளம் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தீனியை விற்கக் கூடாதென்று 2020இல் வந்த விதியை அமல்படுத்த வேண்டும். 2016இல் சிலி நாடு செய்ததுபோல், பாக்கெட்டின் முகப்பில் கறுப்பு எச்சரிக்கை முத்திரை வேண்டும். படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அது புரியும்.

1956இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு பரவியபோதும், 1982இல் சத்துணவு வந்தபோதும், 2022இல் காலை உணவு வந்தபோதும் மெய்ப்பட்டது ஒன்றே: பிள்ளையின் பசி சமுதாயத்தின் பொறுப்பு. அந்தப் பொறுப்பைப் பெட்டிக் கடைச் சரத்தில் தொங்கவிட முடியாது. வீட்டில் பாக்கெட்டை நிறுத்துவோம். வாயிற்கூட்டத்தில் காப்பகம் கேட்போம். இரண்டையும் சேர்த்தே செய்வோம்!