கம்பளி போர்த்த மலர்

மலர் என்றதும் மென்மையையே நினைப்பது நம் வழக்கம். ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைகளில், 6,000 அடிக்கு மேலே சுண்ணாம்புப் பாறைகளிடையே வளரும் எடல்வைஸ் என்னும் பூவைத் தொட்டவர்க்கோ கம்பளித் துணியே நினைவுக்கு வரும். ஜேர்மன் மொழியில் அப்பெயர் 'உயர்ந்த வெண்மை' எனப் பொருள்படும். தாவரநூலார் இட்ட பெயரின் பொருளோ 'சிங்கப் பாதம்'. பூவின் வடிவை உற்று நோக்கின் இரண்டாவதே பொருத்தம் என்போம்.

வெள்ளை இதழ்களாக நாம் காண்பவை உண்மையில் இதழ்கள் அல்ல. மயிர் அடர்ந்த இலைகளே அவை. நடுவிலுள்ள மஞ்சட் பொட்டு ஒவ்வொன்றும் பல சிறு பூக்களின் திரள். சூரியகாந்திக் குடும்பத்தார் யாவர்க்கும் உரிய வழக்கம் இது.

அம்மயிர்ப் போர்வை எதற்கு? மலையுச்சியில் குளிர் வாட்டும். காற்று ஈரத்தை உறிஞ்சும். புறவூதாக் கதிர்களோ சமவெளியிலும் கடுமையாகத் தாக்கும். இம்மயிர்களின் நுண்ணிய வரிகள் அக்கதிர்களை ஏற்றுத் தடுத்து, இலைக்கு வேண்டிய ஒளியை மட்டும் உள்ளே விடுகின்றன எனப் பெல்ஜிய பௌதிக அறிஞர் 2005இல் கண்டறிந்தனர்.

இதன் உறவினர் நம் நாட்டிலும் உளர். ஹோட்டன் சமவெளியில் வெண்கொத்தாகப் பூக்கும் அனபாலிஸ் செடிகளே அவை. உலர்ந்த பின்னும் அவற்றின் பூக்கள் உருக்குலைவதில்லை.

எடல்வைஸுக்குப் பகையாயிற்று அதன் புகழ். காதலிக்காக அதனைப் பறிக்கப் பாறையேறி உயிரிழந்த இளைஞரைப் பற்றிய கதைகள் பல. 19ஆம் நூற்றாண்டில் மலை காண வந்தோர் அதனை வேரோடு பிடுங்கிச் செல்லலாயினர். ஆகவே சுவிற்சர்லாந்தின் ஒப்வால்டன் மாநிலம் 1878ஆம் ஆண்டிலேயே அதனைக் காக்கச் சட்டம் இயற்றிற்று. (திரைப்படத்தால் பரவிய 'எடல்வைஸ்' பாடலை ஒஸ்திரிய நாட்டுப்பாடல் என நம்புவோர் இன்றும் உளர். அது 1959இல் அமெரிக்க மேடை நாடகம் ஒன்றுக்காக இயற்றப்பட்டது.)

சட்டம் எட்டாத இடத்தில் நேர்வது யாது? அதே குடும்பத்தைச் சேர்ந்த பனித்தாமரை என்னும் செடி, கிழக்கு இமயமலையிலும் திபெத்திலும் இதைவிடத் தடித்த கம்பளி போர்த்து வளர்வது. வாழ்நாளில் ஒரே முறை பூத்து மடியும் அதனை மருந்துக்காகப் பூக்கும் பருவத்திலேயே பறிப்பர். பெரியவற்றையே தேடிப் பறிப்பதால் விதை விடும் வாய்ப்பு சிறியவற்றுக்கே கிட்டுகின்றது. தாவரச் சாலைகளில் உலர்த்தி வைத்த பழைய செடிகளோடு ஒப்பிட்ட ஆய்வாளர், ஒரு நூற்றாண்டுக்குள் அவ்வினம் குள்ளமாகிவிட்டது என்பதை 2005இல் வெளியிட்டனர். அதன் அருகே வளரும் இன்னோர் இனத்தையும் அவர்கள் அளந்தனர். மருந்துக்கென்று அவ்வளவாகப் பறிக்கப்படாத அவ்வினம் சற்றும் குறுகவில்லை.