கடற்காகத்தின் களவு

நெய்தல் திணையின் கருப்பொருள்களை வகுப்பில் நடத்தும்போது, பறவை என்ற இடத்தில் 'கடற்காகம்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்கு நகர்ந்துவிடுகிறோம். அப்பறவை எவ்வாறு உண்கிறது என்று கேட்கும் மாணவர் அரிது. சொல்லும் ஆசிரியர் அதனினும் அரிது.

கோவளத்திலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கரையில் குளிர்காலத்தில் நாம் காண்பது பழுப்புத்தலைக் கடற்காகம். லடாக், திபெத் மேட்டுநிலத்து ஏரிகளில் குஞ்சு பொரித்து, இங்கு வலசை வருவது. அது தானும் மீன் பிடிக்கும், வலைக்கழிவையும் பொறுக்கும், பிற பறவைகளிடமிருந்தும் பறிக்கும். ஆலா நீரில் பாய்ந்து மீனோடு எழுந்தால், விடாது துரத்தி, அது நழுவவிடும் இரையைக் கவ்விக்கொள்ளும். வெண்வயிற்றுக் கடற்கழுகு இதையே செம்பருந்திடமும் விரால் அடிப்பானிடமும் செய்கிறது. இவ்வழக்கத்திற்குப் பேர்போனது ஸ்குவா. அதன் ஓர் இனத்திற்கு லின்னேயஸ் 1758இல் 'ஒட்டுண்ணி' என்று பொருள்படும் 'பாராசிட்டிகஸ்' என்றே பெயர் வைத்தார்.

பெயர் வைக்கும்போதே தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது என்பதே நம் கருத்து. காலமறிதல் அதிகாரத்தின் இறுதிக் குறள் (490), காத்திருந்து குத்தும் கொக்கை நமக்கு முன்மாதிரியாக்குகிறது. மீனைக் கொல்லும் கொக்கு போற்றப்படுகிறது. பிறர் பிடித்த மீனைப் பறிக்கும் கடற்காகம் கள்வன் ஆகிறது. மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தில் எலிகள் சூழத் தவம் செய்யும் பூனையிடம் வஞ்சகம் உண்டு எனலாம். பட்டப்பகலில், எல்லோரும் காண, மோதிப் பறிக்கும் பறவையிடம் வஞ்சகம் ஏது?

அங்கே இருப்பது கணக்கு. துரத்துவதற்கு ஆற்றல் செலவாகும். பல துரத்தல்கள் தோல்வியில் முடியும். கிடைக்கும் இரை செலவை ஈடுசெய்யாவிட்டால் பறவை விலகிவிடும். மேலும், பறிப்பவனின் பிழைப்பு பிடிப்பவனின் பிழைப்பைச் சார்ந்தே நிற்கிறது. ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து, ஆர்க்னி தீவுகளில் சிறுமீன்கள் குறைந்தபோது ஆலாக்களால் குஞ்சுகளை வளர்க்க இயலவில்லை. அவற்றிடம் பறித்துண்ட ஸ்குவாக்களும் அண்மைப் பத்தாண்டுகளில் வெகுவாகக் குறைந்தன. ஆக, பறிக்கும் பறவை ஒரு கடலில் நிலைத்திருப்பது, பிடிக்கும் பறவைக்கு அங்கே இன்னும் மீன் கிடைக்கிறது என்பதற்கு அடையாளம்.

இழப்பவருக்கு இக்கணக்கு ஆறுதல் தராது என்பர் சிலர். உண்மையே. ஆனால் நற்றிணை 45ஆம் பாடலை அவர்கள் மீண்டும் படிக்கட்டும். நிணமுள்ள சுறாவை அறுத்துக் காயவைத்து, கூட்டமாக வரும் பறவைகளை ஓட்டும் பரதவர் குலத்துப் பெண்ணுக்காக அங்கே தோழி பேசுகிறாள். அப்பறவைகளால் இழப்பு அவர்களுக்குத்தான். ஆயினும் பறவையைக் குறித்து ஒரு வசைச்சொல் இல்லை. ஓட்டுவது அவர்களுடைய அன்றாட வேலை, அவ்வளவே. தோழியின் சொல் சுடுவது, எதிரே நிற்கும் செல்வந்தனைத்தான்.

கரையிலேயே வாழ்ந்தவர்களின் பார்வை அது. அப்பார்வையை மாணவர்க்குக் காட்டப் பட்டியல் போதாது. தை மாதத்துக் காலையொன்றில் அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்வோம். கருப்பொருள் என்பது மனப்பாடத்துக்குரிய பெயரன்று, உயிர்வாழும் ஒன்று என்பதை அந்தக் கடற்காகமே கற்பித்துவிடும்.