எண்ண வேண்டியது யார்?

கணினிக் கழகத்தில் படிவம் நான்கு மாணவர் ஒருவர் மூன்று பாடங்களின் புள்ளிகளைக் காட்ட சி மொழியில் நிரல் எழுதினார். திரையில் 72, 65 வந்தன. மூன்றாவதாகப் பொருளே இல்லாத நீண்ட எண் ஒன்று வந்தது. “டீச்சர், கணினி கெட்டுப்போச்சு!” என்றார்.

கணினிக்கு ஒன்றுமில்லை. பிரிண்ட்எஃப் என்ற செயற்கூற்றில் மூன்று எண்களுக்கு இடம் குறித்துவிட்டு, இரண்டை மட்டுமே அனுப்பியிருந்தார்.

சி மொழியில் சாதாரணச் செயற்கூறு ஒன்றை முறையாக அறிவித்துவிட்டால், அனுப்பும் மதிப்புகளின் எண்ணிக்கை தவறும்போது கம்பைலர் பிழை காட்டும். பிரிண்ட்எஃப் அப்படியன்று. அதற்கு எத்தனை மதிப்புகளையும் அனுப்பலாம். ஆனால், எத்தனை வந்தன என்பது அதற்குத் தெரியாது. நாம் எழுதிய வாசகத்தில் உள்ள விழுக்காட்டுக் குறிகளைப் பார்த்து, அத்தனை மதிப்புகள் வந்திருப்பதாக நம்பிவிடும். வராத மதிப்பைத் தேடிப் போய், அங்கே கிடந்த எதையோ எடுத்துக் காட்டும்.

இத்தகைய செயற்கூற்றை நாமே எழுதினாலும் இதே நிலைதான். எண்ணிக்கையை முதல் மதிப்பாக அனுப்பலாம்: 3, 72, 65, 80. அல்லது புள்ளியாக வரவே முடியாத -1 போன்ற ஓர் எண்ணைக் கடைசியில் வைத்து, ‘இத்துடன் முடிந்தது’ என்று காட்டலாம். எப்படியானாலும், எண்ணிச் சொல்ல வேண்டியவர் அனுப்புபவரே.

“பைத்தான் தானே எண்ணிக்கொள்ளுமே, சி எதற்கு?” என்று கேட்கிறார்கள். டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில், நினைவகம் மிகக் குறைவாக இருந்த கணினிகளுக்காக உருவாக்கிய மொழி அது. பல வேலைகளை அது நிரலாளரிடமே விட்டுவிடுகிறது. அந்தக் குறையே மாணவர்களுக்கு நல்ல பாடம் என்பேன்.

நீண்ட எண் வந்ததால்தான் அந்த மாணவர் சந்தேகப்பட்டார். அங்கே 58 என்று வந்திருந்தால்? யாருமே கவனித்திருக்க மாட்டோம். நம்பும்படியான தவறுதான் மிகவும் ஆபத்தானது.

எனவே, மாணவர்களே, நிரல் ஓடிவிட்டது என்பதற்காக அது சரி என்று முடிவு செய்யாதீர்கள். கம்பைலரின் எச்சரிக்கைகளை முழுமையாக இயக்கி வையுங்கள். ஒன்று வந்தால் நின்று படியுங்கள். அந்த மாணவரின் திரையிலும் எச்சரிக்கை வந்திருந்தது. “அது பரவாயில்லை” என்று அதற்கு முந்தைய வாரம் சொல்லிக் கொடுத்தது நான்தான். இனி அப்படிச் சொல்லமாட்டேன்.