காற்றுக்கும் மணலுக்கும் கணக்குண்டு

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்ட ‘தம்பபவனி’ நிலையத்தில் 30 காற்றாலைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற், மொத்தம் 103.5 மெகாவாற். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்றுக்குத் திட்டமிட்ட இந்தியாவின் அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. ஆயினும் பிரச்சினை விலகவில்லை. புதிய காற்றாலைகளை எதிர்த்து அதே ஆண்டில் மன்னார் மக்கள் வீதியில் இறங்கினர்.

தீவில் எழுந்த இக்குரல் வங்காலைக்கு அந்நியமானதன்று. அதே கடல், அதே காற்று. வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2008இல் பிரகடனம் செய்யப்பட்டு, 2010இல் றம்சார் ஈரநிலமாக உலகப் பட்டியலில் ஏறியது. இன்று தீவில் நாட்டப்படும் ஒவ்வொரு கோபுரமும் நாளை வங்காலைக் கரையைப் பற்றிய வழக்கிற்கு முன்மாதிரியாகும்.

எனவே ஒன்றை இப்போதே வற்புறுத்திக் கூற விரும்புகிறோம். எம் மக்கள் எழுப்பும் கேள்விகளுட் பெரும்பாலானவை பௌதிகவியற் கேள்விகள். விசை, சக்தி, அலை, சடம் என்று பாடசாலையில் மனனஞ் செய்து பரீட்சையோடு மறந்துவிடும் அவ்வத்தியாயங்களே இன்று நிலத்தையும் கிணற்றையும் காக்கும் ஆயுதங்கள். அவற்றைக் கொழும்பு நிபுணரிடம் மட்டும் ஒப்படைப்பது தவறு. வதந்தியிடம் ஒப்படைப்பது அதனினும் பெருந்தவறு.

மன்னாரைத் தேடி ஏன் வருகிறார்கள்? காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அதிலிருந்து பெறக்கூடிய வலு இரண்டு மடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. சோளகக் காற்றில் வள்ளம் ஓட்டியவர்களுக்கு இது கைகண்ட உண்மை. தம்பபவனிக் காற்றாலையின் சிறகுகள் சுழலும் வட்டத்தின் விட்டம் 126 மீற்றர். செக்கனுக்கு 8 மீற்றர் வேகத்தில் வீசும் காற்று அவ்வட்டத்தினூடே கொண்டுசெல்லும் வலு ஏறத்தாழ 3.8 மெகாவாற். அதில் 59 சதவீதத்துக்கு மேல் எந்த இயந்திரமும் பறிக்க முடியாது என்பது இயற்கையின் சட்டம். அதே காற்று 4 மீற்றராகத் தளர்ந்தால் வலு எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆகவே பலத்த காற்றுள்ள கரை பொன் விளையும் பூமி. விற்பவர் தம் பொருளின் பெறுமதியை அறியாதிருந்தால் விலையை வாங்குபவரே தீர்மானிப்பார். காற்றின் சொந்தக்காரர் தாமென எம் மக்கள் சொல்லவேண்டுமாயின், காற்றின் கணக்கையும் அவர்கள் அறிந்திருக்கவேண்டும்.

அடுத்து, காற்றாலை மழையை விரட்டுகிறது என்னும் பேச்சு. எம்மவர் மனம் நோகினும் உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். சிறகின் உச்சி நிலத்திலிருந்து ஏறத்தாழ 150 மீற்றர் உயரத்துக்கே செல்கிறது. பருவமழை மேகங்களோ கிலோமீற்றர் கணக்கில் உயர்ந்து நிற்பவை; பெருங்கடலைக் கடந்து வரும் காற்றோட்டத்தில் பிறப்பவை. முப்பது காற்றாலைகள் தமக்குப் பின்னாலுள்ள காற்றைக் கலக்கலாம். நிலத்தருகே வெப்பத்தைச் சிறிது மாற்றலாம். வாடைப் பருவமழையைத் தடுத்து நிறுத்த அவற்றால் இயலாது. இவ்வாதத்தை நாம் மேடையில் முழங்கினால், “இம்மக்களுக்கு எதுவும் தெரியாது” என்று சொல்லி, எமது நியாயமான முறைப்பாடுகளையும் சேர்த்துக் குப்பையில் எறிய அதிகாரிகளுக்கு நாமே வழிசெய்து கொடுப்போம்.

மீன் விலகுகிறது என்னும் முறைப்பாடு அத்தகையதன்று. காற்றுவழி வரும் ஒலியலை கடற்பரப்பில் மோதும்போது, அதன் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்களவே நீருக்குள் நுழையும், எஞ்சியது தெறித்துப்போகும். இதைச் சொல்லி விவாதத்தை முடித்துவிடப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் ஒலிக்கு வேறொரு வழியும் உண்டு. கோபுரத்தின் அதிர்வு அடித்தளத்தினூடே மணலில் இறங்கிக் கடலடியை நாடக்கூடும். அது எத்தனை மீற்றர் செல்கிறது? எந்த மீடிறனில் செல்கிறது? அளந்தாலன்றி ஆமென்றும் கூறமுடியாது, இல்லையென்றும் கூறமுடியாது. அளக்காமலே “பாதிப்பில்லை” என்று எழுதும் நிபுணரைவிட, வலை வெறுமையாக வருவதைக் கண்ட கடற்றொழிலாளியின் சந்தேகமே விஞ்ஞானத்துக்கு நெருக்கமானது.

வெள்ளம் பற்றிய முறைப்பாட்டுக்கு நிபுணரே தேவையில்லை. கட்டுக்கரைக்குளத்தின் நீர் எந்த இயந்திரமுமின்றி வாய்க்கால் வழியே வயலுக்கு வருவது நிலத்தின் சரிவினாலன்றோ? நானாட்டான் பக்கத்து உழவர் ஒவ்வொருவரும் இதை அறிவர். சரிவு மிகக் குறைந்த மணற்றீவில் அரை மீற்றர் உயரத்தில் வீதி அமைத்தால் அது வீதியன்று, அணை. கோபுரங்களுக்கான வீதிகளும் அடித்தளங்களும் வெள்ளத்தை மறிக்கின்றன என்று தீவு மக்கள் கூறுவது புவியீர்ப்பு விசையின் நியாயம்.

பறவைகளின் கதையும் அப்படியே. தூரத்திலிருந்து பார்ப்போருக்குச் சிறகுகள் சோம்பலாகச் சுழல்வதாகத் தோன்றும். நிமிடத்துக்கு 12 முறை சுழன்றால், சுழலும் மையத்திலிருந்து 63 மீற்றர் தொலைவிலுள்ள சிறகின் நுனி மணிக்கு ஏறத்தாழ 285 கிலோமீற்றர் வேகத்தில் வெட்டிச் செல்கிறது. மத்திய ஆசியப் பறவைப்பாதையில் ஆண்டுதோறும் வந்திறங்கும் பூநாரைக்கு இக்கணக்குத் தெரியாது. எமக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

காற்றைவிட ஆழமான ஆபத்து மணலில் உண்டு. தீவில் இல்மனைற்றுக்காக அவுஸ்திரேலியக் கம்பனியொன்று துளையிட்டு ஆய்வு நடத்தியுள்ளது. மணற்றீவின் கிணற்றில் நன்னீர் எப்படி நிற்கிறது? கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு அடர்த்தி கூடியது. எனவே நன்னீர் அதன்மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால், கீழே 40 மீற்றர் வரை நன்னீர் தங்கும் என்பது விதி. மணலை அகழ்ந்து அம்மட்டத்தை அரை மீற்றர் தாழ்த்தினால் அடியில் 20 மீற்றர் நன்னீரை இழக்க நேரும். மேலே ஒரு முழம் போனால் கீழே நாற்பது முழம் போகும்! உவர்நீர் ஏறிய கிணற்றை எந்த நட்டஈடு இனிப்பாக்கும்?

ஆட்சியாளரிடம் நாம் கேட்பது சலுகையன்று. தேசிய சுற்றாடற் சட்டத்தின்படி, சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் படித்துக் கருத்துரைக்கப் பொதுமக்களுக்கு 30 நாட்கள் உண்டு. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. அப்படியாயின் அறிக்கை முழுவதும், ஓர் எண்ணும் ஓர் அட்டவணையும் விடுபடாமல், தமிழில் மக்கள் கைக்கு வரட்டும். சுருக்கம் வேண்டாம், விளம்பரம் வேண்டாம், அளவுகள் வேண்டும்.

எம்மவரிடம் கேட்பதும் ஒன்றுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மருத்துவர் கிறீன் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிற் போதித்தார். அம்மொழியில் விசையையும் அலையையும் விளக்க இயலாதென்று இனி எவரும் சொல்லவேண்டியதில்லை. ஊர்தோறும் ஆசிரியர், பொறியியலாளர், உழவர், கடற்றொழிலாளர் கூடி ஒரு பதிவேடு தொடங்கட்டும். கிணற்று நீர்மட்டத்தை வாரந்தோறும் கயிறு விட்டு அளக்கட்டும். மழைமானியில் மழையை அளக்கட்டும். வெள்ளம் நின்ற உயரத்தைச் சுவரில் குறிக்கட்டும். பிடிபட்ட மீனை நாள்தோறும் எழுதட்டும். மாணவரே அப்பதிவேட்டின் காவலராகட்டும். அதைவிடச் சிறந்த ஆய்கூடம் வேறில்லை.

கோஷம் ஒரு நாளில் ஓய்ந்துவிடும். ஐந்தாண்டு அளவைக் கொண்ட ஏட்டை எந்த அமைச்சராலும் ஒதுக்கித் தள்ள முடியாது. உரிமையோடு கணக்கும் சேரட்டும். வங்காலை அதற்கு வழிகாட்டட்டும்.