கதிர்க்குருவிக்கு ஊர் எது?

இளவேனில் பிறந்ததும் குருவிகள் திரும்பிவந்தன என்று மேல்நாட்டார் மகிழ்வர். நமக்கோ அது அவை விடைபெறும் பருவம். பொல்பிட்டியவில் மஸ்கெலிய ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் இடத்துக்கு அண்மையில், பங்குனி மாதத்துக் காலை வேளைகளில் மாணவர் சிலருடன் நின்று கேட்பது என் வழக்கம். 'கேட்பது' என்றே சொல்லுதல் வேண்டும். பெரிய அலகுக் கதிர்க்குருவியைக் காண்பது அரிது. பத்துக் கிராம் அளவினதாய், இலை நிறத்ததாய், மரக்கிளைகளிற் பூச்சி தேடித் திரியும் அச்சிற்றுயிரை, தாழ்ந்தெழும் ஈரொலிக் குரலே காட்டிக்கொடுக்கும். இமயச் சாரலிற் கூடு கட்டுவது. புரட்டாதி, ஐப்பசியில் இங்கு வந்து சித்திரையளவில் நீங்குவது.

ஒருநாள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சேர், இது எங்க ஊர்க் குருவியா, வந்த குருவியா?" என்றாள். "வந்தது" என்றேன். "அப்ப போகச் சொல்லிருவாங்களா?" என்றாள். உடன் நின்ற பிள்ளைகள் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பாட்டனாரின் தமையனார் குடும்பத்தோடு கப்பலேறியவர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்து, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கென எண்ணி ஒதுக்கப்பட்ட மக்களின் வழிவந்த பிள்ளை கேட்கும்போது, அது பறவையைப் பற்றிய கேள்வி மாத்திரம் அன்று.

அன்று தொட்டு 'விருந்தாளிப் பறவை' என்னுந் தொடரை என் வகுப்பில் வழங்குவதில்லை. ஆண்டில் ஆறேழு மாதம் நம் மரத்தில் உண்டு உறங்குவதை விருந்தாளி என்பது கணக்குக்கும் பொருந்தாது. 'வலசை' என்னும் நல்ல சொல் நம்மிடம் உண்டு. போக்கையும் வரவையும் பழிப்பின்றிச் சொல்வது அது. விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர் இதனை வெறுஞ் சொற்பூசல் என்பார். தமிழாசிரியனுக்கு வேறு தொழில் யாது?

ஆயினும் சொல்லோடு நிற்றல் போதாது. தெற்கே எழும் சிவனொளிபாதமலைக் காடு 1940 முதல் சரணாலயம். 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. அதற்குச் சட்டத்தின் காவல் உண்டு. தேயிலைச் சரிவுகளுக்கிடையே ஓடைக்கரையில் நிற்கும் மரங்களுக்கோ கேட்பாரில்லை. நாங்கள் நின்று கேட்கும் கரையிலேயே மூன்று மரங்கள் விறகாயின. தோட்டங்களில் அதிகாரம் வகிக்கும் நம் பழைய மாணவர், தத்தம் எல்லையில் ஓடைமரங்களை வெட்டவிடாது காப்பாராயின் அதுவே யூபிலிக்குத் தக்க கொடை. இயன்றவர் தொலைநோக்குக் கண்ணாடி ஒன்றும் அனுப்பலாம். இருபத்துமூன்று பிள்ளைகளுக்கு இப்போது ஒன்றே உண்டு, அதிலும் ஒரு கண் மங்கல்.